ஓடைக்கரைக் கம்பம்

இன்றைக்கு மட்டும் ஏன் ஏறச் சொன்னார் என்று ஏணியின் நான்காவது படியில் கால் வைக்கும்போதுதான் கனிராஜுக்கு உறைத்தது. மூன்று மாதமாக ஒருநாள்கூட வாய் திறந்து சொல்லாத மனிதர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஏறுவதும் இறங்குவதும் எல்லாம் கொம்பையா அண்ணாச்சிதான். கொம்பையா காண்ட்ராக்ட் ஆள். பதினாறு வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆள். கம்பத்தில் ஏற அவருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. உரிமை இருக்கிற கனிராஜுக்கோ தேர்வன்று ஏறியதோடு சரி, ஏறிப் பழக்கம் கிடையாது. அதனால் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு ஃபீடர் லைனில் கரண்டை நிறுத்தச் சொல்வதும், தன் பேரில் லைன்கிளியர், அதாவது எல்.சி. என்கிற வேலை அனுமதி நம்பர் வாங்கி நோட்டில் எழுதுவதும் கனிராஜ். மேலே போய் வேலையை முடிப்பது கொம்பையா. ஆபீஸில் இது எல்லாருக்கும் தெரியும், கேட்டால் யாருக்கும் தெரியாது. இன்று காலை செவல்புரம் விலக்கில் வண்டியை நிறுத்தியதும், கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்குகிற, வெடித்துப்போன பீங்கானை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, என்னவோ வெற்றிலை வாங்கி வரச் சொல்கிறவர் மாதிரி, "தம்பி, இன்னைக்கு நீ ஏறு. எனக்குத் தோளு தூக்க முடியல" என்றார். சரி அண்ணாச்சி என்று இவனும் தலையை ஆட்டிவிட்டான். தலையை ஆட்டுகிற விஷயத்தில் கனிராஜ் கெட்டிக்காரன். யோசிக்கிற விஷயத்தில்தான் எப்போதும் நான்கு படி பின்னால் வருவான்.

தோள் தூக்க முடியவில்லையாம். ஐந்தாவது படி. தோள் தூக்க முடியாதவர் எர்த் ராடைத் தூக்கிக் கம்பியில் எப்படி மாட்டினார்? ஆறாவது படி. அந்த மூங்கில் தடி இரண்டு ஆள் உயரம். அதன் நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து தொங்குகிற செம்புக் கேபிளின் மறுமுனை தரையில் அடித்த கம்பியில். மூன்று லைனிலும் ஒவ்வொன்றாகத் தூக்கி மாட்டவேண்டும். நல்ல தோள் இருக்கிறவனுக்கே கை நடுங்கும். யாராவது எங்காவது தப்பாகக் கரண்டைப் போட்டுவிட்டாலும் அது ஆளிடம் வராமல் மண்ணுக்குள் போய்விட வேண்டும், அதற்குத்தான் எர்த் ராடு. உயிருக்கு அதுதான் கடைசிக் காவல் என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்குப் பார்த்து ஆபீஸில் ஒரு செட்தான் இருந்தது, இன்னொன்றை வேறு ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஒன்றை இதோ இந்தக் கம்பத்திலேயே, கண்ணெதிரே மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. "இங்க கரிசல் வெடிச்சுக் கெடக்கு பாரு, ஒரு சொட்டு ஈரம் கெடையாது, எர்த் பிடிக்காது. ஓடைக்கரைக் கம்பத்துல போட்டுட்டு வாரேன். கரண்டு வார பக்கமும் அதுதான்" என்று சொல்லிவிட்டு, தடியை வண்டியில் கட்டிக்கொண்டு, முள் அடர்ந்த உடங்காட்டுக்குப் பின்னால் வளைவில் போய் மறைந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தார். "மாட்டியாச்சு, ஏறு." அந்த ஓடைக்கரைக் கம்பம் இங்கிருந்து தெரியாது. நடுவில் முள்காடு அடைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் சட்டையில் ஒரு முள் கீறல் இல்லை, காலில் சேறு இல்லை. ஈரம் இருக்கிற ஓடைக்கரைக்குப் போனவர் காலில் சேறு எங்கே? இதைக் கீழேயே கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன நினைப்பார் என்று நினைத்துக் கேட்கவில்லை. உயிர் போகிற விஷயத்தில்கூட அடுத்தவர் என்ன நினைப்பார் என்று பார்க்கிற பிறவி, என்று கனிராஜ் தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஏணியின் கடைசிப் படியிலிருந்து கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் காலை மாற்றினான்.

பெல்ட்டைச் சுற்றி மாட்டியதும் மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் யோக்கியமாகத்தான் இருக்கிறது. களத்தில் மிளகாய் வற்றல் காய்கிறது, தூரத்தில் கரிமூட்டத்திலிருந்து புகை போகிறது, ஒரு பெண் பிள்ளை ஆடுகளை வைதுகொண்டே ஓட்டிப் போகிறாள். முள்காட்டுக்கு மேலே ஓடைக்கரைக் கம்பத்தின் உச்சி மட்டும் ஒரு சாண் தெரிந்தது. அதில் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தான். வெயில் கம்பியில் பட்டுக் கண் கூசியது. எதுவோ இருக்கிற மாதிரியும் இருந்தது, பழைய பட்டத்தின் வால் மாதிரியும் இருந்தது. கீழே கொம்பையா ஏணியைப் பிடித்துக்கொள்ளாமல் வேலிக்கருவை நிழலில் போய்க் குத்த வைத்திருந்தார். கனிராஜ் ஏறும்போது ஒருநாளும் இப்படி உட்கார மாட்டார் என்று சொல்ல வந்தது மனசு. கனிராஜ் இதற்குமுன் ஏறியதே இல்லையே என்று அதே மனசு பதிலும் சொல்லிக்கொண்டது. இந்த வேலைக்கு டெஸ்ட் நடந்த அன்றைக்கும் அண்ணாச்சிக்கு இதே முகம்தான். மைதானத்தில் நானூறு பேர், வரிசையாகக் கம்பம் நட்டு வைத்து, ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு அதிகாரிகள். கொம்பையா ஏறியதைப் பார்த்து அந்த அதிகாரிகளே கை தட்டினார்கள். அணில் மாதிரி போய்விட்டு அணில் மாதிரி வந்தார். கனிராஜ் முக்கி முனகி, தொடையெல்லாம் சிராய்த்து, நேரம் முடிய இரண்டு விநாடி இருக்கும்போது இறங்கினான். எழுத்துத் தேர்வில் அது தலைகீழாகிப் போயிற்று. ஐ.டி.ஐ. படித்தவனுக்கு ஓம் விதி தெரியும், கொம்பையாவுக்குக் கரண்டைத் தெரியும். கேள்வித்தாளில் கேட்டது ஓம் விதியை. ஆர்டர் கையில் வாங்கிக்கொண்டு முதல்நாள் போனபோது, ஆபீஸ் எதிரே டீக்கடைக்காரர் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதானா அந்த ஆளு? கொம்பையாவுக்கு வரவேண்டிய வேலை" என்று சொல்லிக்கொண்டே டீயை ஆற்றினார். கொம்பையா பக்கத்தில்தான் நின்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கனிராஜ் மூன்று மாதமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறான், இன்னும் அடிமுடி தெரியவில்லை.

லைன் கம்பியைப் பீங்கானோடு சேர்த்துக் கட்டியிருந்த பைண்டிங் கம்பியைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் லைன் கம்பியைத் தொட வேண்டும். கையுறை போட்ட கையை அருகே கொண்டுபோய், ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தினான். உயிருள்ள கம்பியும் செத்த கம்பியும் பார்வைக்கு ஒன்றுதான். அதில் நிறமாற்றம் கிடையாது, சூடு கிடையாது, குரைக்காது, சீறாது. சின்ன வயதில் ஒரு மழைக்காலத்தில் வயலுக்குப் போகிற வழியில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்த எருமை நின்ற நிலையிலேயே சாய்ந்ததை அவன் பார்த்திருக்கிறான். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அதே கம்பிக்குப் பக்கத்தில் அவன் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்திருந்தான். அன்றைக்கு ராத்திரி முழுக்க அம்மா அவன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். இப்போது அதே அம்மா தினமும் சோற்றைக் கட்டிக் கொடுக்கும்போது, "அந்தக் கொம்பையா கையால ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிச்சிராத. வயிறு எரிஞ்சவன் கண்ணுல நல்லது தெரியாது" என்கிறாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவளிடம் சண்டை போட்டுவிட்டு வருவான்; வருகிற வழியெல்லாம் அவள் சொன்னதையே மென்றுகொண்டு வருவான். போன மாதம் ஆபீஸில் கொடுத்த புதுக் கையுறையில் சுண்டு விரல் நுனியில் ஊசி போன மாதிரி ஒரு ஓட்டை இருந்ததே, அது புதிதிலேயே இருந்ததா, அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, கொம்பையாவிடம். அதைக் கண்டுபிடித்து "இதப் போட்டுக்கிட்டு எதையும் தொட்டுராத" என்று தூக்கி எறிந்ததும் கொம்பையாதான். கெடுக்க நினைக்கிறவன் காட்டிக் கொடுப்பானா? நல்லவன் என்று நம்ப வைக்க நினைக்கிறவன் காட்டிக் கொடுப்பான். இப்படி எதைப் போட்டாலும் அரைத்துவிடுகிற கிரைண்டர் ஒன்று கனிராஜின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஏறவிடாமல் வைத்திருந்தது எதற்கு? இவனைக் கையாலாகாதவன் என்று காட்டத்தான். இன்றைக்கு ஏற விட்டது எதற்கு?

கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் காய்ந்த வெறும் கம்பி. வெட்கமாக இருந்தது. பைண்டிங்கை இடுக்கியால் பிடித்து ஒரு சுற்று, இரண்டு சுற்று பிரித்தான். அப்போது கீழே கொம்பையாவின் போன் அடித்தது. எடுத்து, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினார். ஏன் முதுகைத் திருப்ப வேண்டும்? காற்றில் துண்டு துண்டாகத்தான் வந்தது. "ஆமா... மேலதான் நிக்கான்... இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிரும்." பிறகு ஒரு சிரிப்பு. டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு. என்ன முடிந்துவிடும்? யாரிடம் சொல்கிறார்? இந்த வட்டாரத்து ஆபரேட்டர்கள் எல்லாருக்கும் பதினாறு வருஷமாக அவரைத் தெரியும், அண்ணாச்சி அண்ணாச்சி என்று உருகுகிறவர்கள். கனிராஜ் என்றால் எந்தக் கனிராஜ் என்று கேட்கிறவர்கள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட்டுவிடுவார்கள். ஓடைக்கரையில் கொக்கி மாட்டியிருக்கிறதா இல்லையா, அது ஒன்று தெரிந்தால் போதும். அதை யாரிடம் கேட்பது? கம்பத்தைக் கேட்க முடியாது. சப்ஸ்டேஷனையாவது கேட்கலாம், கரண்டு நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கிறதா, வேறு யாரும் பேசினார்களா என்று. வலது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

ஒரு லைன்கிளியருக்கு இரண்டே போன்தான். வாங்கும்போது ஒன்று, வேலை முடிந்து, ஆளும் சாமானும் இறங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று. நடுவில் யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிடவும் கூடாது. வாங்கியவனே பேச வேண்டும். பேர், ஃபீடர், நம்பர். வகுப்பில் கனிராஜ் இதை எழுதி, அடிக்கோடுகூடப் போட்டிருந்தான். இப்போது அது நினைவுக்கு வரவில்லை. பயந்தவனுக்கு நோட்டுப் புத்தகம் எங்கே நினைவிருக்கும்? நாலைந்து ரிங் போய் எடுத்தார்கள். அந்தப் பக்கம் இன்னொரு போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, யாரோ யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "சார், கனிராஜ் பேசுதேன். செவல்புரம் ஃபீடர். எல்.சி. நம்பர் நாப்பத்தொண்ணு" என்று, கீழே கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னான். அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்க வாய் எடுக்கும்போது கொம்பையா எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "என்ன தம்பி, யாருகிட்டப் பேசுத?" கனிராஜ் திருட்டுப் பயல் மாதிரி போனைக் கட் பண்ணிப் பையில் திணித்தான். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, அம்மா." "மேல நின்னுக்கிட்டு அம்மாகூட என்னலே பேச்சு? வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவர் நிழலுக்குப் போகாமல் வெயிலிலேயே நின்றார். இப்போது எதற்கு நிற்கிறார் என்று அதையும் கனிராஜ் குறித்துக்கொண்டான்.

பழைய பீங்கானைத் திருகிக் கழற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினான். புதியது ஏறி வந்தது. அதை வாங்கும்போது அண்ணாச்சி கயிற்றை இடது கையால் மட்டும் இழுத்ததைப் பார்த்தான். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. நடிப்பு என்றால் இவ்வளவு மறக்காமல் நடிக்க முடியுமா? முடியும், ஊருக்குள் எத்தனை பேர் பதினைந்து வருஷமாக முதுகுவலி நடிக்கிறார்கள். ஆனால் முகம் கோணியதே. போன வாரம் குறுக்குச் சட்டம் சரிந்தபோது அது விழுந்தது யார் மேல்? கனிராஜ் நின்ற இடத்தில்தான் விழ இருந்தது. அவர் நடுவில் வந்து தோளில் வாங்கிக்கொண்டார். அல்லது அவர் நின்ற இடத்திலேயே விழுந்தது. இதை எப்படி மறந்தோம் என்று ஒரு கணம் கனிராஜ் உண்மையாகவே வெட்கப்பட்டான். தன் மனசு சாக்கடை மாதிரி நாறுவதாக நினைத்தான். இறங்கியதும் அண்ணாச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும், தோளுக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போக வேண்டும். இந்த நல்ல எண்ணம் நெஞ்சில் நிற்பதற்குள்ளேயே, போனில் யாரிடம் சிரித்தார் என்கிற பழைய இடத்துக்கு மனசு வந்து சேர்ந்துவிட்டது. புதுப் பீங்கானை இறுக்கி, லைன் கம்பியைத் தூக்கி அதன் தலையில் வைத்து, பைண்டிங் கம்பியின் முதல் சுற்றை இழுத்தான்.

அப்போதுதான் முள்காட்டுக்குப் பின்னாலிருந்து வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். கையிலிருந்த கம்பி துள்ளியது. ஓடைக்கரைப் பக்கம் நீலமாக ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது, கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின, முள்காட்டுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழுந்தது. கொம்பையா கத்தினார்: "கைய எடு! கனிராசு, கைய எடுல!" அவன் எடுத்தான். எடுத்த கை தன்னுடையதா என்று பார்த்தான். விரல்கள் ஐந்தும் இருந்தன. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு அவன் அந்தப் புகையையே பார்த்தான். கொக்கி இருந்தது. மாட்டித்தான் வைத்திருந்தார். கரண்டு வந்து, அந்தக் கொக்கியில் விழுந்து, ஓடைக்கரை ஈரத்துக்குள் போயிருந்தது. இல்லையென்றால் அது இங்கே வந்திருக்கும்.

கீழே கொம்பையா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அலறினார். "ஆளு மேல நிக்கும்போது எந்தக் கிறுக்குப் பயலுய்யா போட்டது?" ஆபரேட்டரின் குரலும் நடுங்கித்தான் வந்தது. "அண்ணாச்சி, எல்.சி. ரிட்டர்ன் வந்துச்சேன்னுதான் கரண்டப் போட்டேன்! உங்க கனிராஜ்தான் கூப்பிட்டான். பேர், ஃபீடர், நம்பர் எல்லாம் சொன்னான், வச்சுட்டான். பத்து முப்பத்தாறுன்னு எழுதியிருக்கேன். ஆளு இறங்கிட்டானான்னு நான் திருப்பிக் கேட்டிருக்கணும், இங்க ஆஸ்பத்திரி லைன் போயிருச்சுன்னு ஒரே அடிபிடி, கேக்கல. எர்த் போட்டிருந்தீங்களா? போட்டிருந்தீங்கள்ல? இன்ஜினியர் கேட்டா நான் என்ன சொல்ல?" கொம்பையா மேலே பார்த்தார். அந்தப் பார்வை கனிராஜின் முகத்தில் இல்லை, அவன் சட்டைப் பையில் இருந்தது. "கொக்கு மோதி லைன் போயிருச்சுன்னு எழுதிக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார். "எறங்கு. பதறாம எறங்கு. ஒவ்வொரு காலா வை."

இறங்கியதும் கனிராஜ் வெடித்த கரிசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். கொம்பையா அவன் கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கை, புறங்கை, நகக்கண். காயம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபிறகு கையை விட்டார்.

"அம்மாவா பேசுனது?"

"இல்ல அண்ணாச்சி."

"பின்ன?"

"நீங்க... எர்த் போட்டீங்களான்னு... எனக்குத் தெரியல. அந்தக் கம்பம் இங்கேருந்து தெரியல. நீங்க யார்கூடயோ போன்ல, இப்ப முடிஞ்சிரும்னு..."

"எம் பொஞ்சாதிலே அது. தோளக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகணும், எப்ப வாரன்னு கேட்டா." அவருக்குக் கோபம் வரவில்லை; அதுதான் கனிராஜுக்குப் பயமாக இருந்தது. மெதுவாக, எதையோ தனக்குள் கூட்டிப் பார்க்கிறவர் மாதிரிச் சொன்னார். "மூணு மாசமா தெனமும் நீ வாங்குன லைன்கிளியருலதாம்லே நான் மேல ஏறுதேன். நான் மேல நிப்பேன், நீ கீழ நின்னு போன நோண்டிக்கிட்டு நிப்ப. எனக்கு வரவேண்டிய வேலையில வந்து நிக்கிற பய. உன் கையிலதான் என் உசுரு. ஒருநாளு, ஒரேயொரு நாளு, கீழ குனிஞ்சு நீ என்ன செய்தன்னு நான் பாத்திருப்பனா?"

இதைக் கனிராஜ் யோசித்ததே இல்லை. கீழே நின்ற அத்தனை நாளும் தான்தான் ஆபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அழுகை வந்தது, அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றான். கொம்பையா அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார்.

வேலை பாக்கி கிடந்தது. பைண்டிங் ஒரு சுற்றோடு நிற்கிறது. நாலு ஊருக்குக் கரண்டு இல்லை. கொம்பையா ஓடைக்கரைக்குப் போய் எர்த் ராடைச் சோதித்து, கருகிய கொக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடியை இடது தோளில் சாய்த்துத் தூக்கி மறுபடி மாட்டிவிட்டு வந்தார். இந்தமுறை கனிராஜையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வழி மேட்டுப்பாதை, சிமெண்டு போட்டது. சேறு படுகிற இடமே இல்லை. அதற்கு முன்னால் புது லைன்கிளியரைக் கனிராஜ் பேரில்தான் வாங்கியாக வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. வாங்கினான். நம்பர் நாற்பத்திரண்டு. ஆபரேட்டர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார், இவன் இரண்டு தடவையும் சொன்னான். "நானே ஏறுதேன் அண்ணாச்சி" என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, இவன் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏணியில் கால் வைக்குமுன் திரும்பி, கையை நீட்டினார்.

"போனக் குடு."

கொடுத்தான். அதைத் தன் சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டி, வெளியிலிருந்து ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வலது தோளை அசைக்காமல் இடது கையால் பிடித்துப் பிடித்து, தேர்வன்று கைதட்டல் வாங்கிய மனிதர், ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய்ப் பைண்டிங் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கீழே குனிந்து கனிராஜின் கைகளைப் பார்த்தார். இன்னொரு சுற்று. மறுபடி குனிந்து பார்த்தார். கனிராஜ் இரண்டு கையையும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே வைத்துக்கொண்டு, வேலை முடிகிற வரைக்கும் வெயிலில் நின்றான்.